குழந்தையின் கஞ்சிக்காயம்: தானாக ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா என்பதை ஸ்கேன் முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி
எழுதியவர்: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். முந்தாநாள் காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி என் மூன்று வயது மகளின் வலக்கையிலும் நெஞ்சின் வலப்பக்கத்திலும் கொட்டிவிட்டது. உடனே சட்டையைக் கழற்றி, குழாயைத் திறந்துவிட்டு, இருபது நிமிடம் போலத் தண்ணீரில் காட்டினோம். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், முழங்கை மடிப்பில் ஊதா மருந்தைத் தடவிவிட்டார். இப்போது உள்நோயாளியாக இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள், கட்டுப் பிரிக்கும் நேரத்தில் மட்டும் வீறிட்டு அழுகிறாள்.

நெஞ்சிலும் மேற்கையிலும் உள்ள புண் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கிறது. அது ஆறிவிடும் என்று எல்லா மருத்துவர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். முழங்கை மடிப்பில் அவளுடைய உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்து, நடுநடுவே கருஞ்சிவப்புத் திட்டுகளோடு இருக்கிறது. சிக்கல் அந்த இடத்தைப் பற்றித்தான். ஒரு மருத்துவர் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்து பார்த்த இன்னொருவர், இந்த வாரத்திலேயே அந்த இடத்தைச் சீவி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடுவது நல்லது என்கிறார். இருவரும் அனுபவமுள்ளவர்கள், இருவரும் பொறுமையாகத்தான் விளக்கினார்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் என்பதால் இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை.

இணையத்தில் தேடியபோது, காயத்தைத் தொடாமலேயே லேசர் ஒளியால் படமெடுத்து, எந்தப் பகுதி எத்தனை நாளில் ஆறும் என்று சொல்லிவிடும் கருவிகள் இருப்பதாக அறிந்தேன். அந்தப் படம் உண்மையில் புண்ணின் ஆழத்தைத்தான் பார்க்கிறதா? எங்களைப் போன்ற கறுத்த தோலில் அதை நம்பலாமா? இதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொலைவிலுள்ள பெருநகரத்துக்குப் போவது தகுமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஒட்டறுவை மருத்துவர்

அம்மா, தண்ணீரில் இருபது நிமிடம் காட்டியது மிகச் சரியான காரியம். உங்கள் மகளை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால் எந்த மருத்துவர் சொல்வது சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நல்ல மருத்துவர்கள் ஒரே புண்ணைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வது எப்படி நேர்கிறது என்பதையும், அந்த இடத்தில் ஸ்கேன் எந்த அளவுக்கு உதவும் என்பதையும் விளக்க முடியும்.

தோல் வெந்தபின் புதுத் தோல் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மேல்தோல் முழுவதும் போய்விட்டாலும், அதற்குக் கீழே உள்ள அடித்தோலுக்குள் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் வேர்விட்டிருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் உயிரோடு எஞ்சியிருக்கும் செல்கள்தாம் மேலேறிப் பரவிப் புண்ணை மூடுகின்றன. சூடு அடித்தோலின் மேற்பகுதியோடு நின்றிருந்தால் அத்தகைய ஊற்றுகள் நிறைய மிஞ்சியிருக்கும், இரண்டு வாரத்தில் மூடிவிடும். அடித்தோலின் ஆழம் வரை வெந்திருந்தால் ஊற்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், மூன்று வாரத்தையும் தாண்டும். மிக மேலோட்டமான காயத்தையும், தோல் முழுத் தடிமனும் வெந்து தோல்போலக் காய்ந்து உணர்விழந்த காயத்தையும் யாரும் எளிதில் கண்டுகொள்ளலாம். இடையில் இருக்கும் இந்த இரண்டு நிலைகளைத்தான் கண்ணால் பிரித்தறிவது கடினம். அனுபவமுள்ள மருத்துவர்களின் கணிப்பே ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான் சரியாக அமைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கஞ்சி வேறு வெறும் வெந்நீரைப் போல வழிந்தோடுவதில்லை. ஒட்டிக்கொண்டு, சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, மடிப்பில் தேங்கும். முழங்கை மடிப்பு மட்டும் ஆழமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

மூன்று வாரம் என்ற கெடுவுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 1983இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 21 நாட்களுக்குப் பின் ஆறிய தீக்காயங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை தடித்துப் புடைத்த தழும்பாக மாறியிருந்தன. 14 முதல் 21 நாட்களுக்குள் ஆறியவற்றில் அது மூன்றில் ஒன்றாக இருந்தது. முழங்கை மடிப்பில் அப்படித் தழும்பு தடித்துச் சுருங்கினால் கை நீட்டவராது. ஆகவே உடனே ஒட்டலாம் என்பவர் அந்தச் சுருக்கத்தை நினைத்துச் சொல்கிறார். பொறுக்கலாம் என்பவர், தானாக ஆறக்கூடிய தோலை வீணாகச் சீவிவிடக் கூடாது என்று சொல்கிறார். இருவருடைய கவலையும் நியாயமானதுதான்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஏறக்குறைய இதே வயதுப் பையன் ஒருவனின் முன்கையில் இருந்த வெள்ளைத் திட்டை ஆழமானது என்று முடிவுகட்டி நான்காம் நாளே அறுவைக்கு எடுத்துச் சென்றோம். கத்தியால் முதல் சீவு சீவியதுமே நெருக்கமாக, ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் துளிர்த்தன. அடித்தோல் உயிரோடு இருந்தது. அந்தப் புண் தானாகவே ஆறியிருக்கும். தொடையிலிருந்து தோல் எடுத்த இடத்தின் நிறமாற்றம் அந்தப் பையனுக்கு இன்றும் இருக்கும். அன்று எங்களிடம் ஸ்கேன் இருந்திருந்தால் அந்தச் சீவு நேர்ந்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன். ஆகவே இந்தக் கருவிகளை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குபவன் நான் அல்லன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். லேசர் டாப்ளர் கருவி ஆழத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. தோலின் மேல் ஓரிரு மில்லிமீட்டருக்குள் இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதை அளக்கிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறும். அந்த மாற்றத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து நிறப்படமாக்குகிறார்கள். இரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடம் சிவப்பாகத் தெரியும், 14 நாட்களுக்குள் ஆறும் என்று பொருள். மஞ்சளும் பச்சையும் 14 முதல் 21 நாட்கள் வரை. நீலம் 21 நாட்களுக்கு மேல். பெல்ஜியத்தின் கென்ட் நகர மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு இந்த நிறக் குறியீட்டைச் சரிபார்த்து 2011இல் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில், நைஸ் என்று அழைக்கப்படும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், ஆழம் உறுதியாகத் தெரியாத தீக்காயங்களுக்கு மட்டும் இக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நெஞ்சிலும் மேற்கையிலும் உங்களுக்கு ஸ்கேன் தேவையே இல்லை.

நாள் கணக்கு இதில் மிக முக்கியம். பர்மிங்ஹாமில் பணியாற்றிய டக்ளஸ் ஜாக்சன் 1953இலேயே தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்: நடுவில் செத்துவிட்ட பகுதி, அதைச் சுற்றி இரத்த ஓட்டம் தேங்கித் தடுமாறும் பகுதி, வெளியே சிவந்த பகுதி. தடுமாறும் அந்த இரண்டாம் வட்டம் முதல் இரண்டு நாட்களில் பிழைக்கவும் செய்யலாம், செத்துப்போகவும் செய்யலாம். ஆகவே 48 மணி நேரத்துக்கு முன் எடுத்த படம் நம்பிக்கைக்குரியதன்று. ஐந்து நாட்களுக்குப் பிறகோ, ஆழமான புண்ணிலும் புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கத் தொடங்கிவிடும். ஆறாத புண்ணும் ஆறும் புண்போலச் சிவப்பாகத் தெரியும். இந்த இடைவெளிக்குள் எடுத்தால் கணிப்பு பத்தில் ஒன்பதுக்கும் மேல் சரியாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நெதர்லாந்தில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் புண் ஆறும் சராசரி நாட்களில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அறுவை தேவைப்பட்டவர்களுக்கு அந்த முடிவு முன்னதாக எடுக்கப்பட்டது என்பதே பயன். புண்ணை ஸ்கேன் ஆற்றுவதில்லை, முடிவை முன்னால் கொண்டுவருகிறது.

நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனைகள் எதிலும் இந்தக் கருவி இருந்ததில்லை. அது இல்லாத இடத்தில் நாங்கள் செய்வது இதுதான்: ஐந்தாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று ஒரே மருத்துவர், நல்ல வெளிச்சத்தில், புண்ணை நன்றாகக் கழுவியபின் பார்ப்பார். விரலால் மெல்ல அழுத்தினால் செந்திட்டு வெளுத்து மீண்டும் சிவக்கிறதா என்று பார்ப்பார். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது ஆழத்துக்கு அடையாளம். வெள்ளி கலந்த களிம்பு போட்டிருந்தால் அது புண்ணோடு சேர்ந்து வெண்மஞ்சள் படலமாகப் படியும். அதை நீக்காமல் பார்த்தால் வெந்த தோலைப் போலவே ஏமாற்றும். உங்கள் மகளுக்கு அந்தக் களிம்பு போடப்பட்டிருக்கிறதா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: ஒளியியல் ஆய்வாளர்

நான் மருத்துவன் அல்லன். தோலில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதை அளக்கும் கருவிகளைச் செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மருத்துவர் ஐயா எழுதியதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் பங்கைச் சொல்கிறேன்.

இந்தக் கருவிகளின் அடிப்படையை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் சிறிய லேசர் விளக்கை யாருடைய கண்ணிலும் படாதபடி சுண்ணாம்புச் சுவரில் காட்டினால், ஒளிவட்டத்துக்குள் மணல் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள் அசையாமல் நிற்கும். அதே ஒளியை ஒரு தம்ளர் பாலில் காட்டினால் அந்தப் புள்ளிகள் கொதிப்பதுபோல் துடிக்கும், ஏனென்றால் பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. தோலுக்குள் சிவப்பணுக்கள் ஓடும்போதும் அதே துடிப்பு நிகழ்கிறது. கேமரா சில மில்லிவிநாடி திறந்திருக்கும் நேரத்துக்குள் புள்ளிகள் துடித்துக் கலங்கினால் அங்கே ஓட்டம் இருக்கிறது, கூர்மையாக நின்றால் ஓட்டம் இல்லை. இது லேசர் ஸ்பெக்கிள் முறை. டாப்ளர் முறையும் இதே நிகழ்வைத்தான் வேறு வழியில் அளக்கிறது. பழைய டாப்ளர் கருவி வரிவரியாக நகர்ந்து படமெடுக்கச் சில நிமிடம் பிடிக்கும். ஸ்பெக்கிள் கேமரா ஒரு விநாடிக்குள் பல படங்கள் எடுத்துவிடும்.

அசைவை அளக்கும் கருவிக்கு எந்த அசைவும் ஓட்டமாகத்தான் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. குழந்தை அழுது விம்மினால், கையை உதறினால், செத்த தோலும் சிவப்பாகப் படத்தில் வரும். கிருமித்தொற்றினால் சுற்றிலும் இரத்தம் பாய்ந்தாலும் அப்படியே. மறுபுறம், உடல் குளிர்ந்திருந்தாலோ, நீர்ச்சத்துக் குறைந்து இரத்த ஓட்டம் மங்கியிருந்தாலோ, கொப்புளத்தின் மேல்தோல் நீக்கப்படாமல் இருந்தாலோ, பிழைக்கக்கூடிய தோலும் நீலமாகத் தெரியும். உங்கள் விஷயத்தில் எனக்கு உடனே உறுத்தியது அந்த ஊதா மருந்துதான். அந்தச் சாயம் மஞ்சள், செம்மஞ்சள் ஒளியை வெகுவாக விழுங்கும். பழைய டாப்ளர் கருவிகள் பயன்படுத்தும் 633 நானோமீட்டர் சிவப்பு ஒளிகூட அதன் பிடியிலிருந்து முழுதாகத் தப்பாது. ஸ்கேன் எடுப்பதென்றால் ஊதாக் கறை இருக்கும் இடம் எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்டது எங்கள் துறையே முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதுவரை பல பத்தாண்டுகளாக அந்த மானியை எல்லாரும் அப்படியே நம்பினார்கள். தீக்காயத்தில் நிலைமை சற்று வேறு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேல்தோலில்தான் இருக்கிறது. மேல்தோல் உரிந்துபோன புண்ணில் அந்தத் திரையும் நீங்கிவிடுகிறது. ஆகவே திறந்த புண்ணின் நடுவில் அளவு ஓரளவு நம்பத்தக்கது. சிக்கல் ஓரங்களில்தான்: உரியாமல் ஒட்டியிருக்கும் கறுத்த மேல்தோல் ஒளியை விழுங்கும், ஒப்பிடுவதற்காக எடுக்கும் நல்ல தோலின் அளவும் மாறும். சிவப்பும் அகச்சிவப்பும் மெலனினால் குறைவாகவே தடுக்கப்படும். பச்சை, நீல ஒளியைப் பயன்படுத்தும் கருவிகள் கறுத்த தோலில் மிகவும் தடுமாறும்.

இன்னொரு வகைக் கருவி இரத்த ஓட்டத்தை நம்பாமல் தோலின் கட்டமைப்பையே பார்க்க முயல்கிறது. கோடுகோடாக ஒளியைக் காயத்தின் மேல் வீழ்த்தி, அந்தக் கோடுகள் எவ்வளவு மங்குகின்றன என்பதைக் கொண்டு அடித்தோலிலுள்ள கொலாஜன் நார்கள் சூட்டில் குலைந்துவிட்டனவா என்று கணிக்கிறது. நார் குலைந்தால் ஒளிச்சிதறல் குறையும். மனிதத் தோலுக்கு நெருங்கிய பன்றித் தோலில் நடந்த சோதனைகளில் முதல் நாளிலேயே இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் காத்திருக்கும் கட்டாயத்தை இது ஒருநாள் நீக்கக்கூடும் என்பதால், எனக்கு இந்த வழிமீது மிகுந்த நம்பிக்கை உண்டு.

செயற்கை நுண்ணறிவு பார்த்துச் சொல்லிவிடும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதில் உள்ள அடிப்படைச் சிக்கலை மருத்துவர்களே அதிகம் பேசுவதில்லை. கணினிக்குக் கற்றுக்கொடுக்க, ‘இந்தப் புண் 21 நாளில் ஆறியது, இது ஆறவில்லை’ என்ற விடைகள் வேண்டும். ஆறாம் நாளே தோல் ஒட்டப்பட்ட புண் விட்டிருந்தால் ஆறியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. சந்தேகமான புண்கள்தாம் பெரும்பாலும் ஒட்டப்படுகின்றன. ஆகவே எந்தப் புண்ணுக்கு உதவி தேவையோ அந்தப் புண்ணுக்குத்தான் விடை இல்லாமல் போகிறது. கறுத்த தோலின் படங்கள் போதுமான அளவில் சேராத வரை, இங்குள்ள குழந்தைகளுக்கு அந்தக் கணிப்பை நேரடியாகப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 3
எழுதியவர்: லண்டன் தகப்பன்

சகோதரிக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் வசிப்பவன். எனது மகனுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது மேசை விரிப்பைப் பிடித்து இழுத்து, கொதி தேநீரைத் தன்மேல் ஊற்றிக்கொண்டான். தோளிலும் கழுத்தடியிலும் காயம். இங்கேயுள்ள வைத்தியசாலையில் மூன்றாம் நாள் லேசர் டாப்ளர் படம் எடுத்தார்கள். தகப்பனாக நான் கண்டதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் வலிமருந்து கொடுத்து, காயத்தைக் கழுவி, ஒட்டிக்கொண்டிருந்த கொப்புளத் தோலை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அந்தப் பகுதிதான் கொடுமையாக இருந்தது. படம் எடுப்பதில் நோவு ஒன்றும் இல்லை. யன்னல் திரைகளை மூடி வெளிச்சத்தைக் குறைத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் கண்ணாடி தந்தார்கள், பிள்ளையின் கண்களையும் மறைத்தார்கள். கருவியின் சிவப்பு ஒளி தோளின் மேலே வரிவரியாக நகர்ந்தது. இரண்டு முறை அவன் அசைந்துவிட்டான், இரண்டு முறையும் திரும்ப எடுத்தார்கள். மூன்றாம் முறை மனைவியின் மடியில் நித்திரையான பிறகுதான் படம் சரியாக வந்தது.

திரையில் தோள் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக இருக்க, கழுத்தடியில் ஒரு நீலத் தீவு தெரிந்தது. எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அந்தத் தாதி, கழுத்தின் வளைவில் ஒளி சரிந்து விழுவதால் ஓட்டம் குறைவாகத் தெரியக்கூடும் என்று சொல்லி, தலையைத் திருப்பிவைத்து அந்த இடத்தை மட்டும் நேராக இன்னொரு முறை எடுத்தார். நீலம் பாதியாகக் குறைந்தது. வைத்தியர் படத்தையும் காயத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒட்டுவதை இப்போது செய்யத் தேவையில்லை என்றார். பதினேழாம் நாள் மூடிவிட்டது. உங்கள் பிள்ளைக்கும் காயம் மடிப்பில் இருப்பதால், எங்காவது படம் எடுத்தால் கையை நீட்டிவைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை எழுதியது

மூவருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. களிம்பைப் பற்றிக் கேட்டேன். வெள்ளை மருந்துதான் போட்டிருந்தார்களாம். நாளை காலையில் முழுதாகக் கழுவிவிட்டு மூத்த மருத்துவரே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். என் தம்பி மின்வாரிய ஒப்பந்த வேலையில் இருக்கிறான். மின்மாற்றியில் சூடாகும் இணைப்புகளைக் கண்டுபிடிக்க, கைபேசியில் செருகும் வெப்பக் கேமரா ஒன்றை வைத்திருக்கிறான். ஆழமான தீக்காயம் குளிர்ச்சியாகத் தெரியும் என்று அவன் எங்கேயோ படித்திருக்கிறான். அதைக் கொண்டு நாங்களே பார்க்கலாமா?

ஒளியியல் ஆய்வாளர் எழுதியது

தம்பி படித்தது சரிதான். இரத்த ஓட்டம் குறைந்த இடம் சுற்றுப்புறத் தோலைவிடக் குளிர்ந்திருக்கும், அதை வைத்து ஆழத்தைக் கணிக்கும் ஆய்வுகள் நெடுங்காலமாக நடக்கின்றன. ஆனால் ஈரமான புண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போதே அந்த இடம் குளிர்ந்துவிடும்; மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். கட்டுப் பிரித்த சில நிமிடங்களில், அதுவும் மின்விசிறி ஓடும் வார்டில், மேலோட்டமான புண்ணும் ஆழமானது போலக் காட்டும். சரியாகச் செய்யும் இடங்களில் அறையின் வெப்பத்தையும் காற்றையும் கட்டுப்படுத்தி, புண்ணின் மேல் மெல்லிய ஒளி ஊடுருவும் படலம் போட்டு ஆவியாதலைத் தடுத்து, குறிப்பிட்ட நேரம் காத்திருந்துதான் எடுப்பார்கள். அந்தப் படலமும் அகச்சிவப்பை ஊடுருவவிடும் வகையாக இருக்க வேண்டும். படம் எடுப்பதற்காகப் புண்ணைக் கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அதற்குப் பதிலாக, கழுவி முடித்ததும் செவிலியரின் அனுமதியோடு சாதாரணக் கேமராவில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள்.

ஒட்டறுவை மருத்துவர் எழுதியது

அந்தப் படங்கள் எனக்கே பலமுறை உதவியிருக்கின்றன. நாளைக் கழுவியபின் அந்த வெள்ளைத் திட்டை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரத்தில் அதன் நடுவே, ஓரங்களோடு சேராமல் தனித்தனியாக, கடுகளவு முத்துப்போன்ற புள்ளிகள் எழும்பினால், அவை மயிர்க்கால்களிலிருந்து ஏறிவரும் புதுத் தோலின் தீவுகள். நம் தோலில் அவை சில நாட்களில் பழுப்பு நிறம் கொள்ளும். பத்தாம் நாள் வரை ஒரு புள்ளியும் எழாத இடம் இருந்தால், முழங்கை மடிப்பு என்பதால் நான் அதற்குமேல் காத்திருக்க மாட்டேன். உடனே ஒட்டலாம் என்று சொன்ன மருத்துவரையும் அன்று வரச்சொல்லி இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. அதுவரை கையை நீட்டியபடி சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இதற்காக மட்டும் குழந்தையை நீண்ட பயணம் கொண்டுபோக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

தாமிரபரணிக்கரை எழுதியது

பன்னிரண்டாம் நாள் எழுதுகிறேன். கழுவியபோது வெள்ளைப் படலம் பெரிய தாளாக உரிந்து வந்தது. திட்டு நாங்கள் நினைத்ததில் பாதிதான் இருந்தது. நெஞ்சும் மேற்கையும் மூடிவிட்டன. முழங்கை மடிப்பில், ஊதாக் கறை மங்கிய ஓரத்தை ஒட்டி எட்டாம் நாள் மூன்று புள்ளிகள் தெரிந்தன, பத்தாம் நாள் எண்ணியபோது பதினொன்று. நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் ஒன்றும் எழவில்லை. இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து வந்து அளவுகோல் வைத்த படங்களை வரிசையாகப் பார்த்தார்கள். அந்த ஓரிடத்துக்கு மட்டும், தொடையிலிருந்து சிறு துண்டு எடுத்து, வரும் திங்கட்கிழமை ஒட்டுகிறார்கள்.